ஐஸ் பெட்டியில் கொழும்புக்கு வரும் தண்ணீர்: பிராந்தியங்களுக்கு ஆராய்ச்சி நிதி ஒதுக்குவது தகுமா?

கேள்வி கேட்டவர் வெள்ளவத்தையில் பிறந்து வளர்ந்த ஓர் இளைஞர். ஒரு வருடமாக வடக்கில் ஒரு பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராக இருக்கிறார். நிலத்தடி நீரில் உரத்தாலும் மலக்குழிக் கசிவாலும் கூடும் நைத்திரேற்று பற்றி ஆராய மானியம் கேட்டு விண்ணப்பித்தார். ‘போதிய ஆய்வுகூட வசதி இல்லை’ என்ற ஒரே வரியோடு விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டது. அவர் கேட்பது இதுதான்: ஆராய்ச்சியில் பின்தங்கிய பிராந்தியங்களுக்கென்று சில நாடுகளில் அரசாங்கம் தனியாக நிதி ஒதுக்குகிறதாமே, அது எப்படி நடக்கிறது? அப்படி ஒதுக்கினால் தரம் கெட்டுவிடும் என்று கொழும்பில் கூடப் படித்த நண்பர்கள் சொல்கிறார்கள், அது உண்மையா? நம் நாட்டுக்கு அது பொருந்துமா?

தம்பி, உங்கள் கேள்வியை வாசித்ததும் எனக்கு ஒரு ஐஸ் பெட்டிதான் நினைவுக்கு வந்தது. சில வருடங்களுக்கு முன் ஒரு விடியற்காலை, யாழ்ப்பாணத்திலிருந்து வந்த இரவு பஸ் காலி வீதியில், வெள்ளவத்தைச் சந்தைக்குப் பக்கத்தில் நின்றது. இறங்கியவர்களில் எங்கள் உறவுக்காரப் பிள்ளை ஒருவரும் இருந்தார், இறுதி வருட மாணவி. ஒரு தோளில் உடுப்புப் பை, கையில் மீன் கொண்டுவருகிற மாதிரியான ரெஜிபோம் பெட்டி. உள்ளே மீன் இல்லை, கிணற்றுத் தண்ணீர். ஒவ்வொரு போத்தலிலும் கிராமத்தின் பெயரும் தண்ணீர் எடுத்த நேரமும் ஒட்டியிருந்தது. நைத்திரேற்றைச் சோதிக்கும் தண்ணீரைக் குளிரில் வைத்து 48 மணித்தியாலத்துக்குள் சோதித்துவிட வேண்டும் என்பது வழக்கமான விதி. கிணறு கிணறாக அலைந்ததிலும் பஸ்ஸிலுமாக அதில் பாதி போய்விட்டிருந்தது. எங்கள் வீட்டில் முகம் கழுவி, தேத்தண்ணீர் குடித்துவிட்டு, ஆய்வுகூடம் திறக்கும் நேரத்துக்கு வாசலில் நிற்க வேண்டும் என்று ஓடினார். அன்று அங்கே கருவி பழுது. அடுத்த கிழமை வரச் சொன்னார்கள். பின்னேரம் அந்தத் தண்ணீர் முழுவதையும் எங்கள் குளியலறையில் ஊற்றிவிட்டு, வெறும் போத்தல்களோடு அன்றிரவே பஸ் ஏறினார். அவர் அழவில்லை. அதைப் பார்த்துக்கொண்டு நின்ற எனக்குத்தான் பொறுக்கவில்லை.

பிராந்திய ஆராய்ச்சி ஆற்றல் என்று அறிக்கைகளில் எழுதுகிறார்களே, அதை அளக்க எனக்குத் தெரிந்த அளவுகோல் அந்தப் பெட்டிதான். தண்ணீர் எங்கே இருக்கிறதோ அங்கேயே அதைச் சோதிக்கவும், வந்த அளவு சரியா என்று தங்களுக்குள் வாதாடவும், அடுத்த மாதம் அதே கிணற்றுக்குத் திரும்பிப் போகவும் ஆட்கள் இருந்தால் அங்கே ஆற்றல் இருக்கிறது. அப்படி ஆட்கள் இல்லாத இடத்தில் மூன்று மாடிக் கட்டடம் நின்றாலும் ஆற்றல் இல்லை.

தரம் கெடுமா என்ற கேள்விக்கு என் பதில்: கெடாது. கெடாமல் ஒதுக்கும் வழிகளைப் பிற நாடுகள் கண்டுபிடித்திருக்கின்றன. ஆனால் நிதியை ஒதுக்கிய மாத்திரத்தில் ஆற்றல் வளர்ந்துவிடாது என்பதற்கும் அதே நாடுகள்தான் சாட்சி.

ஐக்கிய அமெரிக்காவிலிருந்து தொடங்குகிறேன். நீங்கள் கேட்ட கேள்வியை அங்கே 80 வருடங்களுக்கு முன்பே பாராளுமன்ற மட்டத்தில் வைத்து வாதாடினார்கள். இரண்டாம் உலகப் போரின்போது அரசின் ஆராய்ச்சிப் பணம் எம்.ஐ.டி., ஹார்வார்ட், கல்டெக் போன்ற ஒரு சில பெரிய நிறுவனங்களிலேயே குவிந்தது. போர் முடியும் தறுவாயில், இனி என்ன செய்வது என்ற கேள்வி எழுந்தது. ஹார்லி கில்கோர் என்ற செனட்டர், நிலக்கரிச் சுரங்கங்கள் நிறைந்த மேற்கு வேர்ஜீனியாவைச் சேர்ந்தவர், பொதுமக்களின் வரிப்பணத்தில் ஒரு பகுதி எல்லா மாநிலங்களுக்கும் பகிரப்பட வேண்டும் என்றார். போர்க்கால ஆராய்ச்சியை நடத்திய வன்னேவார் புஷ், சிறந்த விஞ்ஞானி எங்கே இருக்கிறாரோ அங்கே பணம் போகட்டும் என்றார். 1950 இல் அந்நாட்டின் தேசிய விஞ்ஞான மன்றம் உருவானபோது பெரும்பாலும் புஷ்ஷின் கருத்தே வென்றது. ஆனாலும், ஆராய்ச்சி ஓரிடத்தில் அளவுக்கு மிஞ்சிக் குவிவதைத் தவிர்ப்பது மன்றத்தின் கடமை என்ற ஒரு வாசகம் சட்டத்துக்குள் வந்துவிட்டது.

அந்த வாசகத்துக்கு உயிர் வர ஏறத்தாழ முப்பது வருடம் எடுத்தது. 1979 இல் மன்றம் ஒரு பரீட்சார்த்தத் திட்டத்தைத் தொடங்கியது. அதன் சுருக்கப் பெயர் எப்ஸ்கோர். போட்டியிட்டு நிதி பெறும் வல்லமையைப் பின்தங்கிய மாநிலங்களில் தூண்டிவிடுவதுதான் அதன் நோக்கம். 1980 இல் முதலில் மானியம் பெற்றவை ஐந்து மாநிலங்கள்: ஆர்கன்சோ, மேய்ன், மொன்டானா, தென் கரோலினா, மேற்கு வேர்ஜீனியா. கில்கோர் அதற்கு 24 வருடங்களுக்கு முன்பே, 1956 இல், இறந்துவிட்டார்.

இந்தத் திட்டத்தில் நாம் ஊன்றிப் பார்க்க வேண்டிய சில விடயங்கள் இருக்கின்றன. யார் தகுதி பெறுவார்கள் என்பதை ஒரு கணக்கு தீர்மானிக்கிறது. கடந்த ஐந்து வருடங்களில் மன்றம் வழங்கிய ஆராய்ச்சி நிதியில் 0.75 சதவீதமோ அதற்குக் குறைவாகவோ பெற்ற மாநிலம் தகுதி உடையது. அமைச்சரின் தயவு தேவையில்லை, ‘பின்தங்கியவர்கள்’ என்று யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை. பெரிய மானியத்தைத் தனி ஆள் கேட்க முடியாது. மாநிலத்தின் பல்கலைக்கழகங்களும் அரசும் தொழில்துறையும் சேர்ந்த ஒரு குழு, தங்கள் மண்ணுக்கு எது முக்கியம் என்று தாங்களே முடிவு செய்து ஒரே விண்ணப்பமாக அனுப்ப வேண்டும். அப்படித்தான் மேய்ன் மாநிலம் கடல் வளர்ப்புப் பண்ணைகளைத் தேர்ந்தெடுத்தது. அலாஸ்கா காட்டுத் தீயையும் உருகும் கரையோரத்தையும் எடுத்துக்கொண்டது. பல வருடங்களாக அந்த மானியம் ஐந்து வருடங்களுக்கு 20 மில்லியன் டொலர் வரை இருந்தது.

உங்கள் நண்பர்களின் தர வாதத்துக்கு நேரான பதில் எப்ஸ்கோரின் இன்னொரு கிளையில் இருக்கிறது. அதைக் கூட்டு நிதியளிப்பு என்பார்கள். ஒரு பின்தங்கிய மாநிலத்து ஆராய்ச்சியாளர் எல்லோரையும் போலப் பொதுப் போட்டிக்குத்தான் விண்ணப்பிக்கிறார். அதே மதிப்பீட்டாளர்கள், அதே அளவுகோல். விண்ணப்பம் நிதி பெறத் தகுதியானது என்று மதிப்பிடப்பட்டும் பணப் பற்றாக்குறையால் கோட்டுக்குக் கீழே விழுந்தால், எப்ஸ்கோர் ஒரு பகுதிப் பணத்தைப் போட்டு அதை மேலே இழுத்துவிடுகிறது. இங்கே தகுதி இல்லாத எதற்கும் பணம் கொடுக்கப்படவில்லை. எந்தப் போட்டியிலும் கோட்டுக்குச் சற்று மேலே நிற்பதற்கும் சற்றுக் கீழே நிற்பதற்கும் இடையே பெரிய வித்தியாசம் இருப்பதில்லை என்பதை மதிப்பீட்டுக் குழுவில் இருந்த எவரும் ஒப்புக்கொள்வார்.

நானும் கொழும்பில் அப்படிப்பட்ட குழுக்களில் இருந்திருக்கிறேன். படிவத்தில் ‘நிறுவனத்தில் உள்ள வசதிகள்’ என்று ஒரு நிரல் இருக்கும். வெளிமாவட்ட விண்ணப்பம் என்றால் அந்த நிரலில் கை தானாகக் குறைத்துப் போடும். நானும் குறைத்திருக்கிறேன். வசதி இல்லாததால் மானியம் இல்லை, மானியம் இல்லாததால் வசதி இல்லை என்ற வட்டத்தில் நானும் ஒரு கண்ணி என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. பிறகு உறைத்தது, அந்த ஐஸ் பெட்டியைப் பார்த்த நாளில்.

எனக்கு எல்லாவற்றிலும் பிடித்த திட்டம் எப்ஸ்கோர் அல்ல. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவகங்கள் 1993 இல் தொடங்கிய ‘ஐடியா’ என்ற திட்டமும், அதற்குள் இருக்கும் ‘கோப்ரே’ என்ற மையங்களும்தான். அங்கே ஒரு மையம் ஒரு பொதுக் கருப்பொருளைச் சுற்றி அமைகிறது. நன்றாக நிலைபெற்ற ஒரு மூத்த ஆராய்ச்சியாளர் தலைவர். அவருக்குக் கீழே, உங்களைப் போல் தொடங்கும் நிலையில் உள்ள சிலர், ஆளுக்கொரு சிறு திட்டத்தோடு. ஒவ்வொருவருக்கும் ஒரு வழிகாட்டி. இளையவர் தன் பெயரில் சொந்தமாக ஒரு பெரிய தேசிய மானியத்தை வென்ற நாளில் மையத்திலிருந்து ‘பட்டம்’ பெற்று வெளியேறுகிறார், அவருடைய இடத்துக்கு அடுத்தவர் வருகிறார். ஐந்து ஐந்து வருடங்களாக மூன்று கட்டங்கள், மொத்தம் பதினைந்து வருடம். மூன்றாவது கட்டத்தின் பணம் பெரும்பாலும் பொதுக் கருவிகளையும் அவற்றை இயக்கும் ஆட்களையும் நிலைநிறுத்தவே போகிறது.

பதினைந்து வருடம் என்பதைக் கவனியுங்கள். ஓர் இளைஞர் விரிவுரையாளராகச் சேர்ந்து, கலாநிதிப் பட்டம் முடித்து, தன் முதல் மாணவரை ஆளாக்கி, அந்த மாணவர் திரும்பி வந்து பக்கத்து அறையில் உட்கார எவ்வளவு காலம் எடுக்குமோ அவ்வளவு காலம். நம் நாட்டில் பெரும்பாலான மானியங்கள் இரண்டு, மூன்று வருடங்களில் முடிந்துவிடுகின்றன. கருவி வந்து இறங்கும்போது திட்டம் முடியும் தறுவாயில் இருக்கும்.

இனி மறுபக்கம். எப்ஸ்கோரின் முதல் ஐந்து மாநிலங்களைச் சொன்னேன் அல்லவா? நாற்பது வருடங்களுக்குப் பிறகும் அந்த ஐந்தும் தகுதிப் பட்டியலில்தான் இருந்தன. பட்டியலே 25 மாநிலங்களும் குவாம், புவேர்ட்டோ ரிக்கோ, வேர்ஜின் தீவுகள் என்ற மூன்று ஆட்புலங்களுமாக வளர்ந்துவிட்டது. 2017 இல் ‘பரீட்சார்த்த’ என்ற சொல்லை எடுத்துவிட்டு நிலையான திட்டம் என்று பெயரையே மாற்றினார்கள். இதற்கிடையில் 2013 இல் அந்நாட்டின் தேசிய அக்கடமிகள் செய்த மதிப்பீடு, இந்த மாநிலங்களுக்குப் போகும் நிதிப் பங்கில் பெரிய மாற்றம் ஏற்படவில்லை என்று சொல்லித் திட்டத்தைத் திருத்தியமைக்கக் கோரியது. 2022 இல் நிறைவேறிய ‘சிப்ஸ் மற்றும் விஞ்ஞானச் சட்டம்’, 2029 நிதியாண்டுக்குள் மன்றத்தின் நிதியில் 20 சதவீதம் வரை இந்தப் பகுதிகளுக்குப் போக வேண்டும் என்று இலக்கு வைத்தது.

அப்படியானால் திட்டம் தோற்றுவிட்டதா? என் கணிப்பில் அளவுகோல்தான் பிழை. பங்கு என்பது எப்போதும் நூறுக்குள் அடங்குவது. கலிபோர்னியாவும் ஓடிக்கொண்டுதான் இருக்கும், மொன்டானாவும் ஓடிக்கொண்டுதான் இருக்கும். மொன்டானாவின் சதவீதம் கூடவில்லை என்பதால் அங்கே ஆய்வுகூடம் வளரவில்லை என்று ஆகாது. தண்ணீரை, நோயை, மண்ணை அந்த ஊரிலேயே ஆராயும் ஆட்கள் கூடினார்களா என்று கேட்டால் வேறு விடை வரும். ஆனாலும் அந்த மதிப்பீட்டை நாம் அலட்சியம் செய்யக் கூடாது. எப்போது ஒரு பகுதி தன் காலில் நிற்கிறது என்று கொள்வது, அதன்பின் எந்த உதவி தொடரும், எது நிற்கும் என்பதைத் தொடக்கத்திலேயே எழுதிவைக்காத திட்டம் அரசியல்வாதிகளின் பங்கீட்டுச் சந்தையாக மாறிவிடும்.

மற்ற நாடுகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஐரோப்பிய ஒன்றியம் தன் ‘ஹொரைசன் யூரோப்’ ஆராய்ச்சித் திட்டத்தில் குறைந்தது 3.3 சதவீதத்தைப் பின்தங்கிய உறுப்பு நாடுகளின் பங்கேற்பை விரிவாக்க ஒதுக்குகிறது. அதில் ‘இரட்டையாக்கம்’ என்ற வகையில், பின்தங்கிய நாட்டு நிறுவனம் ஒன்று முன்னேறிய நாடுகளின் குறைந்தது இரண்டு நிறுவனங்களோடு கைகோர்க்கும். திட்டத்தின் தலைமை பின்தங்கிய நாட்டிடம்தான் இருக்க வேண்டும் என்பது விதி. பிரேசிலில் தேசிய விஞ்ஞான நிதியத்தின் துறைவாரி நிதிகளில் குறைந்தது 30 சதவீதம் வடக்கு, வடகிழக்கு, மத்திய மேற்குப் பகுதிகளுக்குப் போக வேண்டும். அதே நாட்டில் சாவோ பாவுலோ மாநிலம் தன் வரி வருமானத்தில் 1 சதவீதத்தைத் தன் சொந்த ஆராய்ச்சி நிதியத்துக்குக் கொடுக்கிறது, அது மாநில அரசியலமைப்பிலேயே எழுதப்பட்டிருக்கிறது. இந்தியாவில் மத்திய அமைச்சுகள் தங்கள் நிதியில் 10 சதவீதத்தை வடகிழக்கு மாநிலங்களுக்கு ஒதுக்க வேண்டும் என்ற கொள்கைப்படி, உயிர்த்தொழில்நுட்பத் திணைக்களம் வடகிழக்குப் பல்கலைக்கழகங்களை நாட்டின் பிற நிறுவனங்களோடு இணைத்து மானியம் கொடுத்து வருகிறது. 2023 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி மன்றமும், ஒரு பெரிய நிறுவனத்தை மையமாக வைத்து ஏழு சிறிய நிறுவனங்கள் வரை ஆரைக்கால்களாகச் சேர்க்கும் திட்டத்தைத் தொடங்கியிருக்கிறது. இந்த மையம், ஆரைக்கால் முறையில் எனக்கு ஒரு பயம் உண்டு. ஆரைக்காலில் இருப்பவர் தண்ணீர் பிடித்து அனுப்புபவராகவும், மையத்தில் இருப்பவர் கட்டுரை எழுதுபவராகவும் ஆகிவிடக் கூடாது. ஐரோப்பிய விதி தலைமையைச் சிறியவரிடம் கொடுப்பது அதனால்தான் எனக்குச் சரியாகப் படுகிறது.

இலங்கைக்கு வருவோம். நம் நாட்டில் ஆராய்ச்சிக்கும் அபிவிருத்திக்கும் செலவிடுவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் பல வருடங்களாக 0.1 சதவீதத்தை ஒட்டியே கிடக்கிறது. இருப்பதும் ஒரு சிறு வட்டத்துக்குள். மேட்லண்ட் பிளேசில் தேசிய விஞ்ஞான மன்றம். அங்கிருந்து நடந்து போகும் தூரத்தில் வார்ட் பிளேசில் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு. பௌத்தாலோக மாவத்தையில் கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவகம். பொரளையில் மருத்துவ ஆராய்ச்சி நிறுவகம். மட்டக்குளியில் நாரா எனப்படும் நீரியல் வள நிறுவனத்தின் தலைமையகம். சற்றுத் தள்ளி மொரட்டுவையிலும் ஹோமாகமவிலும் இன்னும் சில. கொழும்பில் இருப்பவருக்கு ஒரு பிற்பகலில் மூன்று அலுவலகங்களுக்குப் போய்வர முடியும். கிளிநொச்சியில் இருப்பவருக்கு ஒரு கையெழுத்துக்கு இரண்டு நாள்.

ஆனால் இந்த நாட்டுக்குப் பிராந்திய ஆராய்ச்சி தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. 1925 இல் தொடங்கிய தேயிலை ஆராய்ச்சி நிறுவகம் தலவாக்கலையில் இருக்கிறது. இறப்பர் அகலவத்தையில், தெங்கு லுணுவிலையில், நெல் பத்தலகொடையில். அந்தந்தப் பயிர் விளையும் மண்ணிலேயே ஆராய்ச்சி நடக்க வேண்டும் என்பதை ஒரு நூற்றாண்டுக்கு முன்பே இங்கே தெரிந்து வைத்திருந்தார்கள். 1946 இல் தேயிலையில் கொப்புள நோய் வந்தபோது, செப்புக் கலந்த பூஞ்சைக்கொல்லிகளை எப்போது, எந்த அளவில் தெளிப்பது என்று மலையிலேயே சோதித்துப் பார்க்க ஆட்கள் இருந்தார்கள். அதற்கான பணம் எங்கிருந்து வந்தது? ஏற்றுமதியாகும் ஒவ்வொரு இறாத்தல் தேயிலையிலும் பிடித்த செஸ் வரியிலிருந்து. வருடா வருடம் தவறாமல் வரும் பணம், யாருடைய மூன்று வருடத் திட்டத்தையும் நம்பி இராத பணம். அதனால்தான் அந்த நிறுவகம் நின்றது.

இதில் ஒளிந்திருக்கும் அநீதியையும் பாருங்கள். ஏற்றுமதிக்குப் போகும் பயிருக்குச் செஸ் உண்டு, ஆகவே ஆராய்ச்சி உண்டு. யாழ்ப்பாணத்துச் சின்ன வெங்காயத்துக்கும் மட்டக்களப்பு வாவிக்கும் அந்த மாதிரி வருமானம் கிடையாது. பனைக்கு 1978 இல் ஓர் அபிவிருத்திச் சபையும் கைதடியில் ஓர் ஆராய்ச்சி நிறுவகமும் வந்தன, ஆனால் பின்னால் தேயிலையின் செஸ் போன்ற ஊற்று இல்லை. மலையகத்திலேயே கூட, தேயிலைச் செடியின் நோய்க்கு நிறுவகம் இருந்தது, கொழுந்து பறித்தவரின் இரத்தச்சோகைக்கு அந்த மலையில் நிறுவகம் இருக்கவில்லை. சந்தை பணம் கொடுக்காத கேள்விகளுக்கு அரசு பணம் கொடுக்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் எனக்குத் தெரியவில்லை.

வட மத்திய மாகாணத்துச் சிறுநீரக நோயை எடுத்துக்கொள்ளுங்கள். மதவாச்சி, பதவியா பக்கத்து விவசாயிகளிடம் காரணம் தெரியாத நாட்பட்ட சிறுநீரக நோய் பரவுவதை 1990களில் மருத்துவர்கள் கவனித்தார்கள். அந்த மாகாணத்தின் ரஜரட்டைப் பல்கலைக்கழகத்தில் மருத்துவ பீடம் தொடங்கியது 2006 இல். உலக சுகாதார நிறுவனத்தோடு சேர்ந்த தேசிய ஆய்வு 2009 அளவில் தொடங்கி, முடிவு 2013 இல் வெளியானது. நோயைக் கவனித்ததற்கும் இதற்கும் இடையே ஒரு தலைமுறை விவசாயிகள் போய்விட்டார்கள். கட்மியம் என்றார்கள், ஆர்சனிக் என்றார்கள், புளோரைடும் கடினநீரும் என்றார்கள், வெயிலும் உடல் நீரிழப்பும் என்றார்கள். 2015 இல் கிளைபோசேற் களைநாசினியைத் தடைசெய்தார்கள், 2018 இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மீண்டும் அனுமதித்தார்கள். விவாதம் இன்றும் முடியவில்லை. அந்த மண்ணில் முப்பது வருடமாக அதே கிணறுகளை, அதே குடும்பங்களை, அதே முறையில் அளந்துவந்த ஓர் ஆய்வுகூடம் இருந்திருந்தால், கொள்கை இப்படித் தடுமாறியிருக்காது என்று நான் உறுதியாக நம்புகிறேன். தொலைவிலிருந்து வந்து ஒருமுறை மாதிரி எடுத்துப் போகிறவர் ஒரு நாளின் படத்தைத்தான் கொண்டு போகிறார். நாட்பட்ட நோய்க்கு நாட்பட்ட கவனிப்பு வேண்டும்.

உங்கள் சொந்த விடயமும் இதுதான். வலிகாமத்தில் நிலத்தடி நீரைத் தேக்கிவைத்திருக்கும் சுண்ணாம்புக்கல் படையில் உரமும் மலக்குழிக் கசிவும் சேர்ந்து நைத்திரேற்றை ஏற்றிவிட்டிருப்பது பல ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி அளவு லீற்றருக்கு 50 மில்லிகிராம். சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரத்தில் வெவ்வேறு தரப்புகளின் பரிசோதனைகள் ஒன்றுக்கொன்று முரண்பட்டு, சனங்கள் யாரை நம்புவது என்று தெரியாமல் தவித்ததை நாம் பார்த்தோம். விடயம் கடைசியில் 2019 இல் உயர் நீதிமன்றத்தில்தான் தீர்ந்தது. ஊரார் நம்பும் ஓர் ஆய்வுகூடம் ஊருக்குள்ளேயே இருப்பதன் பெறுமதி அன்று எல்லோருக்கும் புரிந்தது.

வடக்கு கிழக்குக்கு இன்னொரு கணக்கும் உண்டு. மற்றப் பகுதிகள் பின்தங்கியது புறக்கணிப்பால். இங்கே போர் கையிலிருந்ததையும் பறித்தது. 1990 இல் கிளிநொச்சியில் தொடங்கிய யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விவசாய பீடம் போரால் இடம்பெயர்ந்து, போர் முடிந்த பிறகே கிளிநொச்சியின் அறிவியல் நகருக்குத் திரும்பியது. பொருளாதாரத் தடைக் காலத்தில் பற்றரிகூடக் கிடைக்காத ஊரில் இரசாயனப் பொருட்களுக்கு எங்கே போவது? அந்தக் காலத்தில் மெழுகுதிரி வெளிச்சத்தில் படிப்பித்தவர்களை நான் அறிவேன். அவர்களுடைய மாணவர்கள் இன்று சூரிய மின்கலங்களில் செய்யும் ஆராய்ச்சியைப் பார்க்கும்போது எனக்கு மனம் நிறைகிறது. வவுனியா வளாகம் 2021 ஆகஸ்டில் தனிப் பல்கலைக்கழகமானது. ஆட்கள் இருக்கிறார்கள், தம்பி. அவர்களைத் தக்கவைக்கும் பணம்தான் இல்லை.

உலக வங்கியின் 100 மில்லியன் டொலர் ஏஹெட் திட்டம் 2017 முதல் 2023 வரை பல்கலைக்கழகங்களுக்குப் போட்டி முறையில் ஆராய்ச்சி நிதி கொடுத்தது. நல்ல வேலைகள் பல நடந்தன. ஆனால் கடன் திட்டம் முடியும் திகதியோடு பணமும் முடியும். யார் பராமரிப்பது?

என்னைக் கேட்டால், நாளைக்கே ஒரு மாகாண ஆராய்ச்சித் திட்டம் தொடங்கப் பணம் கிடைத்தால் முதல் ரூபாயை எதற்குக் கொடுப்பீர்கள் என்று கேட்டால், தொழில்நுட்ப உத்தியோகத்தருக்கு என்பேன். பேராசிரியருக்கு அல்ல, கட்டடத்துக்கு அல்ல, கருவிக்கும் அல்ல. ஒரு வெளிமாவட்ட ஆய்வுகூடத்தில் உலோகங்களை அளக்கும் அணு உறிஞ்சல் நிறமாலைமானி ஒன்றை நான் பார்த்தேன். திட்டப் பணத்தில் வாங்கியது, மேலே போர்த்திய துணியில் தூசு. ஏன் ஓடவில்லை? அசற்றலீன் சிலிண்டர் முடிந்து மறுபடி வாங்க வரவுசெலவுத் தலைப்பில் பணம் இல்லை. ஒவ்வோர் உலோகத்துக்கும் தனித்தனி விளக்கு வேண்டும், வாங்கியது இரண்டுதான். பயிற்சி பெற்றவர் ஒப்பந்த முடிவில் வெளிநாடு போய்விட்டார். திருத்துபவர் கொழும்பிலிருந்து வர வேண்டும், அவர் வந்து போகும் செலவை எந்தப் படிவத்திலும் எழுத இடமில்லை. பல மில்லியன் ரூபாய்க் கருவியை நிறுத்தியது ஒரு சிலிண்டரும் ஒரு சம்பளமும். 2022 நெருக்கடிக்குப் பிறகு இது இன்னும் மோசம், கைதேர்ந்தவர்கள்தான் முதலில் புறப்பட்டார்கள்.

ஆகவே நிரந்தரப் பதவி, பராமரிப்புக்கு வருடா வருடம் வரும் தனித் தலைப்பு, பத்து வருடத்துக்குக் குறையாத காலம். இந்த மூன்றும் இல்லாமல் ஒதுக்கீடு என்று அறிவித்தால் நான் அதை ஆதரிக்க மாட்டேன். டிசம்பர் 31 க்குள் செலவழிக்காத பணம் திறைசேரிக்குத் திரும்பிவிடும் என்ற பயத்தில், நவம்பரில் தேவையில்லாததை வாங்கி அடுக்குவதைக் கண்டு அலுத்துவிட்டது. எந்த மாகாணம் தகுதி பெறும் என்பதை அமெரிக்காவைப் போல ஒரு கணக்கு தீர்மானிக்கட்டும். எதை ஆராய்வது என்பதை மாகாணம் தீர்மானிக்கட்டும். 0.1 சதவீதத்துக்குள் மேற்கு மாகாணத்திடமிருந்து பிடுங்கிக் கிழக்குக்குக் கொடுப்பது எல்லோரையும் பட்டினி போடும் வேலை, அதனால் இது புதிய பணமாக வர வேண்டும். கொழும்பு ஆய்வுகூடங்கள் பலவீனமடைந்தால் உங்களுக்கும் கெடுதிதான். ஒரு கருவி பழுதானால் என்ன நடக்கும் என்று மேலே சொன்னேன்.

இனி உங்கள் விண்ணப்பம். அதைத் தூக்கி எறிய வேண்டாம். நைத்திரேற்றை அளக்க விலையுயர்ந்த அயன் நிறப்பகுப்புக் கருவி அவசியமில்லை. உங்கள் இரசாயனவியல் துறையில் புற ஊதா நிறமாலைமானி ஒன்று நிச்சயம் இருக்கும். 220 நனோமீற்றரில் உறிஞ்சலை அளந்து, சேதனப் பொருளின் குறுக்கீட்டுக்கு 275 நனோமீற்றரில் திருத்தம் செய்யும் முறை உலகம் முழுவதும் ஏற்றுக்கொள்ளப்பட்டது. சேதனப் பொருள் குறைவாக உள்ள சுண்ணாம்புக்கல் நிலத்தடி நீருக்கு அது நன்றாகவே பொருந்தும். உங்கள் துறையிலேயே முதல் மாதம் அறிந்த செறிவுள்ள கரைசல்களை வைத்து அளவுத்திருத்தம் செய்து, மீண்டும் மீண்டும் அளந்தால் எவ்வளவு வேறுபடுகிறது என்பதை விண்ணப்பத்தில் அட்டவணையாகப் போடுங்கள். ‘வசதி இல்லை’ என்ற வரிக்கு அந்த அட்டவணைதான் பதில். கொழும்பில் தரச்சான்று பெற்ற ஓர் ஆய்வுகூடத்தை இணை ஆய்வாளராகச் சேருங்கள், ஆனால் பத்தில் ஒரு மாதிரியை ஒப்பிட்டுச் சரிபார்க்க மட்டும். முதன்மை ஆய்வாளர் நீங்கள்தான் என்பதை முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். வரவுசெலவில் ஒரு தொழில்நுட்ப உதவியாளரின் சம்பளத்தை முழுக் காலத்துக்கும் கேளுங்கள், வெட்டினால் கருவியை வெட்டச் சொல்லுங்கள், ஆளை வேண்டாம். ஒரே முப்பது கிணறுகளை மழைக்கு முன்னும் பின்னும் இரண்டு வருடம் அளப்பது, முந்நூறு கிணறுகளை ஒருமுறை அளப்பதைவிடப் பெறுமதியானது.

வரைவை எழுதியதும் எனக்கு அனுப்புங்கள், வரவுசெலவுப் பகுதியை முதலில் பார்த்துத் தருகிறேன். பத்துப் போத்தலில் ஒன்பது உங்கள் ஊரிலேயே அளக்கப்படட்டும். மிச்சம் ஒன்றைக் கொண்டு வருகிற பிள்ளை வெள்ளவத்தையில் இறங்கியதும் எங்கள் வீட்டுக்கு வரலாம், தேத்தண்ணீர் போட்டு வைத்திருப்போம்.